ஓடை அடைபடும் முன்: பள்ளங்கி மக்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளங்கி, பள்ளங்கிக் கோம்பை, வில்பட்டி, பேத்துப்பாறை, அஞ்சுவீடு ஊர்களில் ஓடைக்கரையை ஒட்டி வீடும் தோட்டமும் வைத்திருக்கும் பெரியவர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே,



வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் உங்களோடு ஒரு காரியம் பேச வேண்டும் என்று இதை எழுதுகிறேன். மழை எவ்வளவு பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்த மழை ஓடையில் தடையில்லாமல் இறங்கிப் போகுமா, எங்காவது அடைபட்டு நின்று பிறகு மொத்தமாக உடைத்துக்கொண்டு வருமா என்பதில் பெரும்பங்கு நம் கையில்தான் இருக்கிறது. இந்த மடல் அந்த அடைப்பைப் பற்றியது.

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பழனி ஊர் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. இந்த 1,800 மீட்டர் இறக்கத்தைச் சாலை அறுபது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து கடக்கிறது. தண்ணீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. பழனிமலையின் வடக்குச் சரிவில் விழும் மழை பாறை பாறையாகக் குதித்து, வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு அணைகளின் பக்கம் போய், சண்முகநதியாகி அமராவதியில் சேர்கிறது. தெற்குச் சரிவில் விழுவது கும்பக்கரை போன்ற அருவிகளாக இறங்கி வைகைக்குப் போகிறது. இவ்வளவு செங்குத்தான மலையில் தண்ணீர் தேங்குவதற்கு இயற்கை அதிக இடம் வைக்கவில்லை. தேங்கினால் அங்கே ஏதோ ஒன்று குறுக்கே விழுந்திருக்கிறது என்று பொருள்.

எது விழும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேர் ஆழமில்லாத வாட்டில், தைலமரம், பைன். சரிவில் உருண்டு வரும் பாறை. மண் சரிந்த தோட்டத்து விளிம்பு. சவ்சவ் பந்தலின் கம்பும் கம்பியும். ஓடையில் தூக்கிப் போட்ட கேரட் தழை, முட்டைகோஸ் கழிவு, உரச் சாக்கு. கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல்லும் சிமெண்டும். சுற்றுலாக்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக். 2018 நவம்பர் 16-ல் கரை கடந்த கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாக மேற்கே நகர்ந்தபோது கொடைக்கானல் மலையில் விழுந்த மரங்களையும், அடைபட்ட சாலைகளையும் நாம் மறக்கவில்லை. சாலையில் விழுந்த மரத்தை அறுத்து எடுக்கிறோம். ஓடையில் விழுந்த மரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. அடுத்த பெருமழை அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு சிறுபாலத்தின் வாயில் குறுக்காக வைக்கும். அதன்மேல் கிளை வந்து சிக்கும், கிளையின்மேல் தழை, தழையின்மேல் சாக்கு, சாக்கின்மேல் மண். அரை மணி நேரத்தில் பாலம் அணையாகிவிடும்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். அடைபட்ட சிறுபாலத்துக்குப் பின்னால் 30 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். பார்வைக்கு ஒரு குட்டை. அதில் இருப்பது 600 கன மீட்டர், அதாவது 600 டன். அடைப்பு உடைந்து ஒரே நிமிடத்தில் அது காலியானால் நொடிக்கு 10,000 லிட்டர் இறங்கும். நம் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய லாரி ஒன்று நொடிக்கு ஒரு முறை கவிழ்வதற்குச் சமம் அது. கூடவே மரமும் கல்லும் வரும். வழியில் இன்னொரு பாலம் அடைபட்டிருந்தால் அதையும் உடைத்து, அங்கே நின்ற தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு போகும். ஓடைக்கரையில் இருப்பவருக்கு இந்த வெள்ளம் மழையளவோடு சம்பந்தமில்லாமல், மழை குறைந்த பிறகும்கூட வந்து சேரலாம்.

இந்த அடைப்பு வெள்ளத்தை உலகத்தில் மிகக் கவனமாகப் படித்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நமக்கு மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படிவதோடு சரி, ஓடை உறைவதில்லை. கனடாவிலும் அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் ஆறுகள் மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும். குளிர்காலம் முடியும்போது, அல்லது நடுவில் திடீரென்று மழையும் வெப்பமும் வந்தால், அந்தப் பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து மிதந்து வரும். ஆற்றின் வளைவிலோ, ஆழமற்ற இடத்திலோ, பாலத் தூண்களிலோ முதல் பாளங்கள் சிக்கும். பின்னால் வருபவை ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியிலும் நுழைந்து, கிலோமீட்டர் கணக்கில் அடுக்கிக்கொள்ளும். மேற்புறம் ஊர் மூழ்கும். பிறகு அந்த அடைப்பு உடைந்தால் கீழ்ப்புறம் அலை பாயும். பொருள்தான் வேறு, நம் ஓடையில் மரமும் கல்லும் செய்வதையே அங்கே பனிக்கட்டி செய்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத் தலைநகரம் மான்ட்பீலியர். 1992 மார்ச் 11 காலையில் அந்த ஊரின் வினூஸ்கி ஆற்றில் பனிக்கட்டி பாலத்தில் அடைத்தது. ஒரு மணி நேரத்துக்குள் நகரத்தின் கடைவீதி தண்ணீருக்குள் போய்விட்டது. 2001 மே மாதம் ரஷ்யாவின் லேனா ஆற்றில் அடைப்பு ஏற்பட்டபோது விமானத்திலிருந்து குண்டு போட்டுப் பனியை உடைக்கப் பார்த்தார்கள்; அப்படியும் லென்ஸ்க் நகரம் மூழ்கியது. தமிழர்கள் நிறையப் பேர் வாழும் ஒன்டாரியோ மாநிலத்திலும் இது நடக்கிறது. 2018 பிப்ரவரியில் கிராண்ட் ஆற்றின் பனியடைப்பால் பிரான்ட்ஃபோர்ட் நகரில் ஏறத்தாழ 5,000 பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2022 பிப்ரவரி 17-ல் பிராம்ப்டன் நகரத்தின் சர்ச்வில் பகுதியில் கிரெடிட் ஆறு அதேபோல் அடைபட்டுத் தெருவுக்குள் ஏறியது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் நகரம் அது.

அந்த நாடுகள் இதிலிருந்து கற்றுக்கொண்டவை நமக்கு நேராகப் பயன்படும். முதல் பாடம், அடைப்பு ஏற்பட்ட பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம் என்பது. லென்ஸ்கில் குண்டுக்கே பனி வழிவிடவில்லை. ஆகவே அவர்கள் அடைக்கும் இடங்களை முன்கூட்டியே பட்டியல் போட்டு வைக்கிறார்கள். அடைப்பு கண்ட இடத்திலெல்லாம் வருவதில்லை. அதே வளைவில், அதே பாலத்தில்தான் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது பாடம், வெள்ளம் வருமுன்னே பொருளைக் குறைப்பது. சில ஆறுகளில் கரைவதற்கு முன்பே எந்திரம் வைத்துப் பனியை வெட்டி வழி திறக்கிறார்கள். சில இடங்களில் கருநிற மணலையோ சாம்பலையோ பனிமேல் தூவி வெயிலில் சீக்கிரம் உருகச் செய்கிறார்கள். மூன்றாவது, ஊருக்கு மேலேயே அடைப்பைத் தடுத்து நிறுத்துவது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷோதியேர் ஆற்றின்மேல் 1967-ல் சார்ட்டிகான் அணையைக் கட்டியதே பனிக்கட்டியை ஊர்களுக்கு மேலே பிடித்து வைப்பதற்காகத்தான். நான்காவது, ஆள் வைத்துப் பார்ப்பது. அலாஸ்காவில் யூக்கான் ஆற்றின் பனி உடையும் பருவத்தில் அரசு அலுவலர்கள் சிறு விமானத்தில் ஆற்றின்மேல் பறந்து பார்க்கிறார்கள்; கரையோர ஊர்க்காரர்களும் விமானிகளும் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள்; மேல் ஊரின் செய்தி கீழ் ஊருக்குப் போகிறது. இவ்வளவு கருவி உள்ள நாட்டிலும் கடைசியில் நம்பப்படுவது ஆற்றங்கரையில் நிற்கும் மனிதரின் கண்.

இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மேல் ஊர் கீழ் ஊருக்குச் சொல்லி உயிர் காத்த மிகச் சிறந்த உதாரணம் நம் நாட்டிலேயே, 130 ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்கிறது.

இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் அலக்நந்தாவோடு சேரும் பிரேஹி கங்கை என்ற ஆறு இருக்கிறது. 1893 செப்டம்பரில் கோஹ்னா என்ற ஊருக்கு அருகே ஒரு மலையே சரிந்து அந்த ஆற்றை அடைத்தது. சுமார் 900 அடி உயரத்துக்கு மண்ணும் பாறையும் நின்றன. பின்னால் ஏரி பெருகத் தொடங்கியது. அதை வெட்டி விடுவது ஆகாத காரியம் என்று பொறியாளர்கள் கண்டார்கள். புல்ஃபோர்டு என்ற பொறியாளர் ஏரி ஏறும் வேகத்தைக் கணக்கிட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தண்ணீர் வழியும் என்று சொன்னார். அதற்குள் கோஹ்னாவிலிருந்து ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். வெள்ளம் எந்த உயரம் வரை வரலாம் என்று கணித்துப் பள்ளத்தாக்கு நெடுகத் தூண்கள் நட்டார்கள். அந்தத் தூணுக்கு மேலே ஏறி நின்றால் பிழைக்கலாம். தொங்குபாலங்களைக் கழற்றி எடுத்தார்கள். யாத்திரையை நிறுத்தினார்கள். ஏரிக்கரையில் ஒரு இளம் பொறியாளர் காவலிருந்து தண்ணீர் மட்டத்தைத் தந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1894 ஆகஸ்ட் 25-ல் ஏரி வழிந்தது. அன்று நள்ளிரவை ஒட்டி அடைப்பு உடைந்தது. கார்வால் மலையின் ஸ்ரீநகர் நகரம் அடித்துச் செல்லப்பட்டது. அத்தனை பெரிய வெள்ளத்தில் இறந்தவர்கள் ஐந்து பேர். ஒரு பக்கீரும் அவர் குடும்பத்தாரும். வெளியேற்றிய பிறகும் அணையின் அடிவாரத்துக்கே திரும்பிப் போனவர்கள் அவர்கள். வீடு போயிற்று, கடை போயிற்று, ஊரே போயிற்று. ஆட்கள் இருந்தார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அன்று உடைந்து போனது ஏரியின் ஒரு பகுதிதான். மிச்சம் அங்கேயே கிடந்தது. 1970 ஜூலையில் அலக்நந்தாவில் பெருவெள்ளம் வந்தபோது அந்த மிச்ச ஏரியும் உடைந்தது. பழைய அடைப்பு தானாகச் சாவதில்லை என்பதை அந்த 76 ஆண்டுகள் சொல்கின்றன.

அண்மைக் காலத்திலும் இதே கதை தொடர்கிறது. 2014 டிசம்பர் 31-ல் லடாக்கின் சான்ஸ்கர் பகுதியில் ஃபுக்தல் ஆறு மண்சரிவால் அடைபட்டது. கடுங்குளிரில் ஏரி உறைந்தே வளர்ந்தது. வல்லுநர்கள் போய்ப் பார்த்தார்கள், கீழ் ஊர்களை எச்சரித்தார்கள். 2015 மே 7-ல் உடைந்தபோது பாலங்கள் போயின, உயிர்ச்சேதம் இல்லை. 2021 ஆகஸ்ட் 13-ல் இமாச்சலத்தின் லாஹுலில் நால்டா ஊருக்கு அருகே சந்திரபாகா ஆறு அடைபட்டது. சுற்றுக் கிராமங்களை உடனே காலி செய்தார்கள். சில மணி நேரத்தில் தண்ணீர் தானே வழி கண்டுகொண்டது.

எச்சரிக்கைக்கு நேரம் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதை வயநாடு காட்டிவிட்டது. 2024 ஜூலை 30 அதிகாலையில், ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் சரிந்த மலை, புன்னப்புழை வழியே சுமார் 8 கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். பாறையும் மரமும் ஆற்றின் குறுகிய இடுக்கில் அடைத்து, தற்காலிக அணைபோல் நின்று உடைந்ததுதான் அழிவைப் பெருக்கியது என்று ஆராய்ந்த வல்லுநர்கள் கூறினார்கள். அது நம்முடைய அதே மேற்குத் தொடர்ச்சி மலை. அதே தோட்டம், அதே ஓடை, அதே தங்கும் விடுதிகள். நம் மலையிலும் அறிகுறிகள் இல்லாமல் இல்லை. 2024 செப்டம்பரில் மேல்மலையின் கிளாவரைப் பக்கம் காட்டுக்குள் நிலம் நீளமாகப் பிளந்திருந்ததைக் கண்டவர்கள், ஓடைத் தண்ணீர் வரவில்லையே என்று தேடிப் போன ஊர்க்காரர்கள். தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டுப் போனார்களே, அந்தக் கேள்விதான் மலையில் உயிர் காக்கும்.

அதனால், இந்த மடலில் எதை மறந்தாலும் இந்த ஒன்றை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்: மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ அடைத்திருக்கிறது. வெள்ளம் வடிகிறது என்று நினைத்து ஓடைப்பக்கம் போகக் கூடாது. பொருளை எடுக்கவோ, மோட்டாரைக் கழற்றவோ, மாட்டை அவிழ்க்கவோ இறங்கக் கூடாது. உடனே பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடினால் தண்ணீர் முந்திவிடும். திடீரென்று செம்மண் கலங்கலாக வருவது, புது மண் வாசம் வீசுவது, மேலிருந்து கல் உருளும் இரைச்சல் கேட்பது, மரங்கள் சாய்ந்து நிற்பது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இவையும் அதே எச்சரிக்கைகள்தான்.

இனி, மழைக்கு முன் செய்ய வேண்டியவை.

ஒவ்வொரு ஊரும் தன் ஓடையில் அடைக்கக்கூடிய இடங்களைக் கால்நடையாகப் போய்ப் பார்த்துப் பட்டியல் எழுத வேண்டும். சிறுபாலம், தரைப்பாலம், குழாய் பதித்த பாதை, பாறை இடுக்கு, கடும் வளைவு, தண்ணீர் எடுக்க நாமே கல் அடுக்கிய இடம், தோட்டத்துக்கு ஹோஸ் குழாய்கள் கொத்தாகக் குறுக்கே போகும் இடம். முன்பு எந்த மழையில் எங்கே அடைத்தது என்று ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் தங்கைகளிடம் நான் கேட்பது இது: உங்கள் கைப்பேசியில் இருக்கும் வரைபடத்தில் இந்த இடங்களைக் குறித்து, படம் எடுத்து, ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் கொடுங்கள். கோஹ்னாவில் தூண் நட்டவர்கள் செய்த வேலையின் முதல் படி அதுதான்.

பட்டியலில் உள்ள இடங்களுக்கு மேலே, பாலத்துக்கு அருகே கிடக்கும் மரத்தை அகற்ற வேண்டும். அகற்ற முடியாததை ஓடையின் அகலத்தைவிடச் சிறிய துண்டுகளாக அறுத்தால் குறுக்கே சிக்காமல் போய்விடும். காட்டுக்குள் தொலைவில் கிடக்கும் எல்லா மரத்தையும் இழுத்துப் போட வேண்டியதில்லை. மேல் ஓடையில் பதிந்து கிடக்கும் மரம் மண்ணைப் பிடித்து வைக்கிறது. அதைத் தொட்டால் கெடுதல்தான் கூடும். நம்மைச் சுற்றிய காட்டில் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதால் வனத்துறையின் அனுமதியும் துணையும் இல்லாமல் அங்கே கை வைக்க முடியாது. வனத்துறையினருக்கு என் வேண்டுகோள்: பாலங்களுக்கு மேலே விழுந்த அன்னிய மரங்களை மழைக்கு முன் அகற்றித் தருவதை ஆண்டுதோறும் செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர்களே, அறுவடைக் கழிவை ஓடையில் தள்ளாதீர்கள். அது மக்கினால் உங்கள் பூண்டுக்கும் பீன்ஸுக்கும் உரம். ஓடையில் கிடந்தால் கீழ்வீட்டுக்காரருக்கு ஆபத்து. ஓடையின் ஓரத்தை மண் கொட்டி நிரவி இரண்டு பாத்தி கூடுதலாக எடுத்தால், அந்த இரண்டு பாத்தியையும் அடுத்த வெள்ளம் எடுத்துக்கொள்ளும்; போகும்போது இன்னும் நான்கைச் சேர்த்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் ஓடைக்குக் குறுக்கே இருக்கும் ஹோஸ் குழாய்களைக் கழற்றிக் கரையில் சுருட்டி வையுங்கள். கல் அடுக்கித் தண்ணீர் மறித்த இடங்களைப் புரட்டாசி முடிவதற்குள் பிரித்துவிடுங்கள்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் நொடிக்கு ஏறத்தாழ 14 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. பாதியை மண் குடித்துவிட்டது என்று வைத்தாலும் 7 கன மீட்டர் ஓடைக்கு வரும். 90 சென்டிமீட்டர் குழாய் ஒன்றின் வாயில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தண்ணீர் போனாலும் 2 கன மீட்டருக்குக் குறைவாகத்தான் போகும். அதிலும் ஒரு மரம் குறுக்கே வந்தால் அந்தக் கணக்கும் போய்விடும். மலை ஓடைகளில் குழாய் பதித்த பாதைகளுக்குப் பதிலாக நடுத்தூண் இல்லாத அகலமான சிறுபாலங்கள் வேண்டும். அடிக்கடி அடைக்கும் பாலங்களுக்கு மேலே, ஓடை கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில், மரத்தைப் பிடித்து நிறுத்த வலுவான தூண்வரிசை அமைக்கலாம். ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதைச் சுத்தம் செய்ய ஆளும் நிதியும் ஒதுக்காமல் தூணை மட்டும் நட்டால், இன்னொரு அடைப்பை நாமே கட்டியதாக ஆகிவிடும்.

விடுதி நடத்துபவர்களே, ஓடைச் சத்தம் கேட்கும் அறைக்கு வாடகை கூடுதலாகக் கிடைக்கிறது என்பது எனக்குத் தெரியும். அங்கே தூங்குகிறவர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவர். இந்த ஓடையின் குணம் அவருக்குத் தெரியாது. ஓடைக்கரையில் கூடாரம் போடாதீர்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளை ஒரு காகிதத் தடையாக நினைத்துச் சுற்றிப் போகாதீர்கள். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த இரவில் கரையோர அறைகளை மூடிவிட்டு, விருந்தினரை மேட்டு அறைக்கு மாற்றுங்கள். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த காட்டாற்று வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவரை இழந்தோம். சுற்றுலாவுக்கு வந்த பிள்ளை அது. அப்படி ஒரு செய்தி நம் மலையிலிருந்து போகக் கூடாது.

மழை வந்துவிட்ட பிறகு என்ன? மேல் ஊரிலிருந்து கீழ் ஊருக்குச் செய்திச் சங்கிலி வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். கொடைக்கானல் நகரப் பக்கம் கனமழை என்றால் வில்பட்டிக்குச் சொல்ல வேண்டும். வில்பட்டி பள்ளங்கிக்கு, பள்ளங்கி கோம்பைக்கு. மலைக்காற்றில் கைப்பேசிக் கோபுரம் முதலில் சாகும் என்பதால் கோயில் மணி, தேவாலய மணி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஆகியவற்றில் எந்த ஒலி எதைக் குறிக்கும் என்று முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நேரான சுவருள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து அடிக்கோலால் அளந்தாலே மழை எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநில அறையின் எண் 1070. வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடைப்பைக் கண்டால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. பின்னால் தண்ணீர் நிற்கும்போது கம்பியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மரத்தை இழுக்கப் போவது வீரம் ஆகாது. ஜேசிபியைக் கீழ்ப்பக்கத்திலிருந்து கொண்டுபோய் நோண்டுவது அதைவிட ஆபத்து. முதலில் கீழே இருப்பவர்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். பிறகு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். தண்ணீரை மெல்ல வடிய வைப்பதா, உடையும்வரை காத்திருப்பதா என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும். வெள்ளம் வடிந்த பின், மிச்சம் நிற்கும் அடைப்பை அடுத்த மழைக்கு முன் அகற்றும் வரை விடாதீர்கள். கோஹ்னாவின் மிச்சம் 1970-ல் என்ன செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

பழனி அடிவாரத்தில் இருக்கும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. மலையில் மழை என்றால் சண்முகநதிக்குப் போகும் ஓடைகளில் குளிக்க இறங்கும் பக்தர்களை எச்சரிக்கும் வழி உங்களிடம் இருக்க வேண்டும். உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தரும் மலைதான் வெள்ளத்தையும் அனுப்புகிறது. மேலே ஓடையைச் சுத்தம் செய்ய ஆகும் செலவில் கீழே இருப்பவர்களும் பங்கு கேட்டு முன்வர வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் நமக்குக் கிடைக்கும் இரண்டு கூட்டங்கள் அவை. ஆகஸ்ட் கூட்டத்தில் அடைப்பு இடங்களின் பட்டியலை வையுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் யார் பொறுப்பு, எந்தத் துறை, எந்தத் தேதிக்குள் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அக்டோபர் கூட்டத்தில் அந்தத் தேதிகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாத வேலையைச் சத்தமாகக் கேளுங்கள். 1894-ல் தந்திக் கம்பியும் கல்தூணும் கொண்டு ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் காப்பாற்ற முடிந்தது. கைப்பேசியும் கிராம சபையும் உள்ள நம்மால் ஒரு ஓடையைக் காவல் காக்க முடியும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் மலைக்காரன் ஒருவன்